ஆதரவுக் கடிதங்களின் காலம்

சாமிவேலுவைப் பற்றிப் பேச மலேசியாவில் நம்மவர்கள் உட்கார்ந்தால் முதல் பத்து நிமிடத்துக்குள் டெலிகோம்ஸ் பங்கு வந்துவிடும். அடுத்து மைக்கா, அதற்கடுத்து டோல் கட்டணம். அவர் குரலில் பேசிக் காட்ட ஒருவர் கட்டாயம் இருப்பார். எதிரே இருப்பவர் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்தை எடுத்துவைப்பார்: “எங்கக்கா மக அங்க படிச்சுத்தாண்ணே டாக்டராச்சு, அத யாரு செஞ்சா?” பேச்சு அங்கே முட்டிக்கொண்டு நின்றுவிடும். 2022 செப்டம்பர் 15 அன்று, 86 வயதில் அவர் காலமான பிறகும் இந்தப் பேச்சின் தடம் மாறவில்லை. துரோகி என்பவரும் தலைவர் என்பவரும் ஒரே பட்டியலைத்தான் வைத்துக்கொண்டு மல்லுக்கட்டுகிறார்கள். அந்தப் பட்டியலில் நிலம் இல்லை. அவரைக் கணக்குப் பார்க்க வேண்டிய இடம் நிலம்தான் என்பது என் எண்ணம்.

அவர் ஜொகூர்க்காரர் என்பதே பலருக்கு மறந்துவிட்டது. 1974 முதல் 2008 வரை சுங்கை சிப்புட் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்ததால் பேராக் ஆள் என்றே நினைக்கிறார்கள். பிறந்தது குளுவாங்கில், 1936 மார்ச் 8. அப்பா சங்கிலிமுத்து பால்மரம் வெட்டியவர். அலுவலகப் பையன், பஸ் கண்டக்டர், கட்டட வரைவாளர், வானொலிச் செய்தி வாசிப்பாளர், மேடை நடிகர் என்று ஏறி, கட்டடக் கலைஞராகி, அமைச்சராகி, மலேசிய இந்திய காங்கிரஸான ம.இ.கா.வின் தலைவராக முப்பது ஆண்டுகளைத் தாண்டிய மனிதர். தோட்டத்து லயத்திலிருந்து அவ்வளவு தூரம் வந்தவர்கள் அந்தத் தலைமுறையில் விரல்விட்டு எண்ணக் கூடியவர்கள்தாம். அவரை ஏசுகிறவர்களும் இதை மறுப்பதில்லை.

அதே 1936இல் ஜொகூரில் மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் வந்தது. கூட்டு மலாய் மாநிலங்களில் 1913லேயே வந்துவிட்ட ஏற்பாடுதான். ஒதுக்கீடு என்று அரசிதழில் அறிவித்த நிலம் மலாய்க்காரரல்லாதார் கைக்குப் போக முடியாது. குளுவாங்கில் பிறந்த குழந்தைக்கும் அந்தச் சட்டத்துக்கும் எந்த ஒட்டும் உறவும் இல்லை. ஒரே ஆண்டு என்பது தற்செயல். ஆனால் அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. ரப்பர் விலை ஏறிய நாட்களில் கம்பத்து மலாய்க்காரர்கள் நிலத்தை விற்றார்கள், அடகு வைத்தார்கள். அடகு பிடித்தவர்களில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் முன்வரிசையில் இருந்தார்கள். 1930களின் மந்தத்தில் அடகு மூழ்கி நிலங்கள் கைமாறின. ‘வந்தேறிகள் நம் நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள்’ என்ற பயத்தை இன்றைக்கு அரசியல்வாதிகள் ஊதிப் பெரிதாக்குகிறார்கள் என்பது உண்மை. அந்தப் பயம் ஆகாயத்திலிருந்து விழவில்லை என்பதும் உண்மை. செட்டியாரின் அடகுப் பத்திரத்தையும் லயத்தில் முடங்கிக் கிடந்த பால்வெட்டுக்காரனையும் ஒரே ‘இந்தியர்’ என்ற பெயரில் போட்டு மூடியதுதான் பிறகு வந்த சிக்கல்களுக்கெல்லாம் ஒரு வேர். அடகுப் பத்திரம் வைத்திருந்தவர்கள் பலர் ஊர் திரும்பிவிட்டார்கள். பழி லயத்துக்கு வந்து சேர்ந்தது.

அவசரகாலத்தில் நடந்ததை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 1948க்குப் பிறகு கம்யூனிஸ்டுகளுக்குச் சோறும் செய்தியும் போகாமல் தடுக்க, காட்டோரச் சீனர்களை லட்சக்கணக்கில் பிடித்துக் கொண்டுவந்து புதுக்கிராமங்களில் அடைத்தார்கள். யோங் பெங்கிலும் கூலாயிலும் அந்தப் புதுக்கிராமங்களின் தெருக்கள் இன்றும் கோடு போட்டதுபோல் இருக்கின்றன. கொடுமையான ஏற்பாடு, முள்வேலி, ஊரடங்கு, அரிசிக்கு ரேஷன். ஆனாலும் வேலிக்குள்ளே ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு மனை கிடைத்தது. முதலில் தற்காலிக உரிமம், பின்னால் குத்தகை என்று அந்த மனைகள் மெல்ல மெல்லக் காகிதம் பெற்றன. மலாய்க்காரர்களுக்கு 1956இல் பெல்டா நிலத்திட்டம் தொடங்கியது. காட்டை அழித்து, குடும்பத்துக்குச் சுமார் பத்து ஏக்கர். ஜொகூரில் பெல்டா திட்டங்கள் இல்லாத வட்டாரத்தைத் தேடித்தான் பார்க்க வேண்டும். தோட்டத்து இந்தியர்களையும் அதே அவசரகாலத்தில் ஒன்றுகூட்டினார்கள். சிதறிக் கிடந்த லயங்களை உடைத்து ஆபீசுக்குப் பக்கமாகக் கொண்டுவந்தார்கள். முள்வேலி அவர்களுக்கும் போட்டார்கள். வேலிக்குள் இருந்த நிலம் கம்பெனியுடையது. அவசரகாலம் 1960இல் முடிந்தபோது வேலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். சீனருக்கு மனை மிஞ்சியது, இவர்களுக்கு வேலை மிஞ்சியது. வேலை போனால் வீடும் போகும்.

அது போகவும் தொடங்கியிருந்தது. சுதந்திரம் வரப்போகிறது என்று தெரிந்ததும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுக் கை கழுவின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று நம் பத்திரிகைகள் எழுதிய காலம் அது. அதைப் பற்றி முறையான ஆய்வு செய்தவர் உங்கு அசிஸ், ஜொகூர் அரச குடும்பத்தைச் சேர்ந்த பொருளாதாரப் பேராசிரியர். தோட்டத் தமிழனின் கூரை பறிபோவதை ஜொகூர் அரண்மனை வழியில் வந்த ஒருவர் உட்கார்ந்து கணக்கெடுத்தார் என்பதை இன்றைய இனச் சண்டைக்காரர்கள் இரு பக்கமும் நினைத்துப் பார்க்கலாம்.

அன்றைய ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் இதற்குக் கண்ட வழி எளிமையானது. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். மாதம் பத்து ரிங்கிட் என்று தொழிலாளர்களிடம் பிடித்து, விற்பனைக்கு வரும் தோட்டங்களைத் தொழிலாளர்களின் பெயராலேயே வாங்குவது. கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் முதலில் வந்தது. சம்பந்தன் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி ஆள் சேர்த்ததைப் பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். சங்கத்துக்குச் சொந்தமான தோட்டத்திலும் காலையில் பெரட்டு, மண்டோர், பால் நிறுவை எல்லாம் அப்படியேதான் இருந்தன. பங்குதாரர் விடியற்காலையில் அதே கத்தியோடுதான் மரத்தடிக்குப் போனார். அதை நான் பொற்காலமாக்க விரும்பவில்லை. ஆனால் கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், இருந்த பெயர் மாறியிருந்தது. அந்த ஒரு மாற்றத்தின் எடை அன்றைக்குப் பலருக்குத் தெரியவில்லை, கட்சிக்கும்தான். 1973இல் சம்பந்தனைத் தலைமையிலிருந்து இறக்கினார்கள்.

1979 மே மாதம் சம்பந்தன் இறந்தார். அக்டோபரில், அவருக்குப் பின் தலைவரான மாணிக்கவாசகமும் இறந்தார். கட்சி சாமிவேலுவின் கைக்கு வந்தது. அவர் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, சம்பந்தன் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து தோட்டங்களை வாங்குவது. இன்னொன்று, புதிய பொருளாதாரக் கொள்கையின் காலத்துக்கு ஏற்றபடி பங்குச் சந்தைக்குள் நுழைவது. அவர் இரண்டாவதைப் பிடித்தார். மைக்கா ஹோல்டிங்ஸ் பிறந்தது. 66,000 பேருக்கு மேல் பணம் கட்டினார்கள், மொத்தம் 106 மில்லியன் ரிங்கிட். தாலிக் கொடியை அடகு வைத்துக் கட்டியவர்கள் எங்கள் உறவிலும் உண்டு. சீனருக்கு அவர்கள் கட்சியின் நிறுவனம், மலாய்க்காரருக்கு அவர்கள் அறக்கட்டளைகள், நமக்கும் ஒன்று வேண்டாமா என்று மேடையில் அவர் கேட்டபோது கையைத் தட்டாதவர் யார்?

மீதிக் கதை எல்லாருக்கும் தெரியும். 1990இல் இந்தியர்களுக்கென ஒதுக்கிய ஒரு கோடி டெலிகோம்ஸ் பங்குகளில் பத்து லட்சம்தான் மைக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது, மீதி மூன்று கம்பெனிகளுக்குப் போனது. கல்வி நிதிக்காகத்தான் என்றார் அவர். ஊழல் தடுப்பு நிறுவனம் விசாரித்தது, அவர் மீது வழக்கு எழவில்லை. மைக்கா தேய்ந்துகொண்டே போனது; 2010இல் தொழிலதிபர் ஞானலிங்கத்தின் நிறுவனம் ஒரு ரிங்கிட் பங்குக்கு 80 சென் கொடுத்து அதை எடுத்துக்கொண்டது. இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் காத்திருந்து, கட்டியதில் ஐந்தில் ஒரு பங்கை இழந்து திரும்பினார்கள். பலர் அதற்குள் இறந்துபோயிருப்பார்கள்.

அந்த மீதித் தொண்ணூறு லட்சம் பங்குகள் எங்கே போயின என்று கேட்டுக் கேட்டு நாம் தொண்டை கட்டிப்போனோம். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வியைக் கேட்கவே இல்லை: அந்தப் பத்து லட்சம் மட்டுமல்ல, ஒரு கோடிப் பங்கும் ஒழுங்காக வந்து சேர்ந்திருந்தாலும், கூலாயிலோ சிகாமட்டிலோ லயத்தில் இருந்த ஒரு குடும்பம் தன் வீட்டு வாசலில் நின்று ‘இது என்னுடையது’ என்று சொல்லியிருக்க முடியுமா? தோட்டங்கள் பெருமளவில் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் போன ஆண்டுகள் 1980களும் 1990களும். சரியாக அந்த ஆண்டுகளில் சமூகத்தின் சேமிப்பை நிலத்தில் போடாமல் காகிதத்தில் போட்டோம். சாமிவேலுவின் ஆகப் பெரிய பிழை அதுதான் என்று நினைக்கிறேன். அதில் களவு இல்லை, வஞ்சகம் இல்லை. காலத்தோடு ஒத்துப்போன ஒரு தீர்மானம். அதனால்தான் யாரும் அதைக் குற்றமாகப் பார்ப்பதில்லை.

பொதுப்பணி அமைச்சராக அவர் போட்ட சாலைகள் இந்தக் கதைக்குள் வேறு ஒரு வழியாக வருகின்றன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலைக்கான ஒப்பந்தம் அவர் காலத்தில்தான் போடப்பட்டது. ஜொகூரிலிருந்து சிங்கப்பூரின் துவாசுக்குப் போகும் இரண்டாவது பாலம் 1998இல் அவர் அமைச்சராக இருக்கும்போதே திறந்தது. ஜொகூர் பாரு பக்கம் நெடுஞ்சாலையில் போனால் இரண்டு பக்கமும் பார்க்கிற பெயர்ப் பலகைகள் பெரும்பாலும் பழைய தோட்டங்களின் பெயர்கள். ரினி தோட்டம் முத்தியாரா ரினி ஆனது. அங்கே தமிழ்ப்பள்ளி இன்னும் ரினி என்ற பெயரோடு இருக்கிறது, லயம் இல்லை. சாலை வந்ததால் நிலத்துக்கு விலை வந்தது, விலை வந்ததால் தோட்டம் போனது. 2006இல் இஸ்கந்தார் வளர்ச்சித் திட்டம் வந்த பிறகு வேகம் கூடியது. இப்போது கூலாய் பக்கம் தரவு மையங்கள். கூலாய் யங் தோட்டத்தைச் சில ஆண்டுகளுக்கு முன் ஒய்.டி.எல். குழுமம் 43 கோடி ரிங்கிட் அளவில் வாங்கியது. பால்மரமும் செம்பனையும் நின்ற மண்ணில் இன்று கணினிகள் குளிர்ந்துகொண்டிருக்கின்றன.

தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் எங்கே போனார்கள்? மூன்று லட்சம் பேர் என்று ஒரு கணக்கு அடிக்கடி சொல்லப்படுகிறது. பட்டண ஓரத்தில், ஆற்றங்கரையில், ரயில் பாதை ஓரத்தில் பலகை அடித்துக் குடியேறினார்கள். அங்கே பக்கத்துப் பலகை வீட்டில் இருந்தவர் பெரும்பாலும் கிராமத்தை விட்டு வந்த மலாய்க்காரர். இருவருக்கும் கிராண்ட் இல்லை. 2001 மார்ச்சில் பெட்டாலிங் ஜெயாவின் கம்போங் மேடானில் ஆறு பேர் செத்தார்களே, அது அப்படிப்பட்ட இடம்தான். இனக்கலவரம் என்று எழுதினார்கள். நிலமில்லாதவர்கள் இரண்டு பேர் ஒரே ஒழுங்கையில் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்ததை யாரும் தலைப்பாகப் போடவில்லை. தெப்ராவ் நீரிணைக் கரையில் காலங்காலமாக இருந்த ஓராங் செலேத்தார் மக்களும் வளர்ச்சித் திட்டங்களால் கரையை இழந்து நீதிமன்றப் படியேறியவர்கள்தாம். ஜொகூரில் நிலத்துக்கு இனம் உண்டு, நிலத்தை இழப்பதற்கு இனம் இல்லை.

கூலாய்க்குச் சற்றுத் தள்ளி, தோட்டமாக இருந்து வீடமைப்புத் தாமானாக மாறிய ஓர் இடத்தில் மாரியம்மன் கோயில் ஒன்று இருக்கிறது. அதன் பொருளாளர் ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். கோயில் காகிதங்களைப் பார்க்கலாமா என்று கேட்டேன். வீட்டுக்குள் போய் ஒரு பிளாஸ்டிக் கோப்பை எடுத்து வந்தார். மேலே சங்கப் பதிவு. அதன் கீழே 1980களில் எடுத்த தீமிதிப் படம், ஓரங்கள் பழுப்பேறி. அதன் கீழே ஆதரவுக் கடிதங்கள், ஐந்தாறு இருக்கும். எல்லாம் மலாயில், எல்லாம் ஒரே வாசகம்: மேற்கண்ட ஆலயத்தின் விண்ணப்பத்தைத் தயவுடன் பரிசீலிக்கவும். கீழே சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் என்று வெவ்வேறு காலத்துக் கையெழுத்துகள். ஒன்றை லேமினேட் செய்து வைத்திருந்தார்கள்.

“இது வந்த அன்னிக்கு அம்மனுக்குப் பொங்கல் வச்சோம் தம்பி. கோயில் செவுத்துலதான் மாட்டியிருந்தோம். பெயின்ட் அடிக்கறப்ப கழட்டினது.”

“நில அலுவலகத்துலேர்ந்து பதில் வந்துச்சாண்ணே?”

“கையெழுத்துப் போட்டவரே போய்ச் சேந்துட்டாரு. பதிலு எங்க வரும்?”

“அப்ப கிராண்ட்?”

“அதான் இல்லையே.” கோப்பின் அடியிலிருந்து ஒரு தாளை உருவினார். “கரண்டு பில்லு இருக்கு, பாருங்க. கோயில் பேர்லயே வருது.”

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை. அந்தக் கோப்பில் மாதம் தவறாமல் வந்த ஒரே ஆவணம் மின்கட்டண ரசீதுதான்.

அந்தக் கடிதங்கள் பொய் இல்லை. எழுதியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் எழுதியிருப்பார்கள். மலேசியாவில் நிலம் மாநில அதிகாரம். அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணை அப்படித்தான் பிரித்திருக்கிறது. கூட்டரசு அமைச்சர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் ஒரு மனையைக்கூடத் தன் கையெழுத்தில் கொடுக்க முடியாது. மாநிலத்தின் மந்திரி பெசாரிடம் கேட்க வேண்டும். கேட்பதற்குத் தேவையானது சட்டம் இல்லை, உறவு. தொலைபேசியை எடுத்தால் மறுமுனையில் எடுக்க வேண்டும். சாமிவேலு இந்தக் கலையில் தேர்ந்தவர். தமிழ்ப்பள்ளிக்கு இடம், கோயிலுக்கு அவகாசம், வெளியேற்றத்துக்குத் தவணை என்று எத்தனையோ தோட்டங்களுக்கு அவர் போன் போட்டு வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதை அனுபவித்தவர்கள் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். ஜொகூரில் ஏறக்குறைய 70 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. தோட்டத்து நிலத்தில் முளைத்த பல பள்ளிகள் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் யாருக்கோ போன் போட்டுத்தான் மாறியிருக்கின்றன. வாங்கிக் கொடுத்தது சலுகை; அடுத்த முறை மறுபடி கேட்க வேண்டும். மறுபடி கேட்க வேண்டும் என்பதால்தான் கட்சிக்கும் வேலை இருந்தது என்று ஒருவர் குதர்க்கமாகச் சொல்லலாம். நான் அவ்வளவு தூரம் போக மாட்டேன். ஆனால் முப்பது ஆண்டுகளில் தோட்டத்துக் கோயில்களையும் பள்ளிகளையும் வரிசைப்படி எடுத்து, ஒவ்வொன்றின் நிலத்துக்கும் அரசிதழில் இடம் வாங்குவதைக் கட்சி தன் முதல் வேலையாக ஆக்கவில்லை என்பது கண்முன் இருக்கிறது.

போன் எடுக்கப்படாத நாள் 2007 அக்டோபர் 30இல் வந்தது. ஷா ஆலாமில் பாடாங் ஜாவா, கம்போங் ரிம்பா ஜெயா. தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது மகா மாரியம்மன் கோயிலை இடித்தார்கள். சிலாங்கூர் மந்திரி பெசார் கீர் தோயோவிடம் சாமிவேலு எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். கேட்டது பலிக்கவில்லை. அமைச்சரவையில் மூத்தவர்களில் ஒருவர், அன்று ஆண்ட தேசிய முன்னணியின் பங்காளிக் கட்சித் தலைவர். அவரால் செய்ய முடிந்தது அந்த ஆண்டு தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பை ரத்து செய்தது மட்டும்தான். நவம்பர் 25இல் இண்ட்ராப் இயக்கத்தின் பேரணிக்குக் கோலாலம்பூர் தெருக்களில் வந்து நின்ற ஆயிரக்கணக்கானவர்கள் பிரிட்டிஷ் அரசிடம் நஷ்டஈடு கேட்கத்தான் திரண்டார்கள், காகிதத்தில். வயிற்றெரிச்சல் பாடாங் ஜாவாவிலிருந்து வந்தது. அன்று கூட்டத்தில் இருந்தவர்கள் பலர் அதுவரை ம.இ.கா.வுக்கே ஓட்டுப் போட்டவர்கள்.

அடுத்த பொதுத்தேர்தல் 2008 மார்ச் 8. அவருக்கு 72ஆவது பிறந்தநாள். சுங்கை சிப்புட்டில் டாக்டர் ஜெயகுமார் தேவராஜிடம் 1,821 வாக்கில் தோற்றார். ஜெயகுமார் 1999லும் 2004லும் அதே தொகுதியில் நின்று தோற்றவர். இடையிலே தோட்டத் தொழிலாளர்களின் வீட்டுப் பிரச்சினையைக் கையில் எடுத்துச் சளைக்காமல் அலைந்தவர். சம்பந்தனின் சொந்த ஊரில், சம்பந்தன் விட்டுப்போன கேள்வியைத் தூக்கிக்கொண்டு வந்தவரிடம் சாமிவேலு வீழ்ந்தார் என்று எனக்குத் தோன்றும். ம.இ.கா. ஒன்பது இடத்திலிருந்து மூன்றுக்கு இறங்கியது. அந்த மூன்றில் ஒன்று ஜொகூரின் சிகாமட். ஜொகூர் மட்டும் அன்று பெரிதாக அசையவில்லை. ஏன் என்பதற்குப் பல காரணங்கள் சொல்கிறார்கள். கேட்டால் கிடைக்கும் என்ற நம்பிக்கை இங்கே இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது என்பது என் காரணம்.

நிலச் சட்டத்தில் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் என்று ஒன்று உண்டு. டி.ஓ.எல். என்றால்தான் நம்மவர்களுக்குப் புரியும். எப்போது வாங்கினாலும் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும், மறுபடி கட்டிப் புதுப்பிக்க வேண்டும். மற்றவருக்கு மாற்றித் தர முடியாது. வாங்கியவர் இறந்தால் உரிமமும் அவரோடு போய்விடும், பிள்ளைகளுக்கு வராது. சாமிவேலு இந்த நாட்டில் சேர்த்துவைத்திருந்த செல்வாக்கு அந்த வகையைச் சேர்ந்தது. அவர் பேரில் இருந்தது, ஆண்டுக்கு ஆண்டு புதுப்பிக்கப்பட்டது. 2010 டிசம்பரில் பழனிவேலிடம் கட்சியைக் கொடுத்தபோது நாற்காலியைத்தான் கொடுக்க முடிந்தது. அவர் குடும்பத்தின் வசமிருந்த தமிழ் நேசன் நாளிதழ், 1924இல் தொடங்கியது, அவருக்கு முன்பே 2019 தொடக்கத்தில் நின்றுபோனது. அவர் இறந்தபோது அவருக்காக நான்கு பக்கம் சிறப்பிதழ் போடச் சொந்தப் பத்திரிகை இல்லை.

இதையெல்லாம் எழுதுவது அவரைச் சின்னவராக்க இல்லை. கெடாவில் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் நிற்கிறது. நாட்டுப்புறத் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வெளியே வருகிறார்கள். கல்வியை வாங்கிக் கொடுத்தால் நிலம் இல்லாதவனும் தோட்டத்தை விட்டு வெளியே போய்விடுவான், அவனுக்கு லயமும் வேண்டாம் கிராண்டும் வேண்டாம் என்று அவர் கணக்குப் போட்டிருக்கலாம். அவர் வாழ்க்கையே அதற்குச் சாட்சி. லயத்திலிருந்து அவர் மேலே ஏறியது படிப்பைப் பிடித்துக்கொண்டுதான். போனவர்களுக்கு அந்தக் கணக்கு சரியாக வந்தது. போக முடியாதவர்கள், வயதானவர்கள், ஐந்தாம் வகுப்போடு நின்றவர்கள், இறந்தவர்கள் புதைந்த இடுகாடு, எல்லாவற்றுக்கும் மேல் இடத்தை விட்டு நகரத் தெரியாத அம்மன், இவர்களுக்கு அந்தக் கணக்கில் வரிசை இல்லாமல் போயிற்று. அதனால்தான் இந்நாட்டில் இந்தியர்களின் நிலத் தகராறு எப்போதும் கோயில் தகராறாகவே வெடிக்கிறது. குடும்பங்கள் கிளம்பிப் போய்விடுகின்றன. கடைசியாக மிஞ்சி நிற்பது கோயில்.

2018 நவம்பரில் சுபாங் ஜெயா சீபீல்டு கோயிலில் அதுதான் நடந்தது. பழைய தோட்டக் கோயில், வீடமைப்பு நிறுவனத்தின் நிலம். கலவரத்தில் காயமடைந்த தீயணைப்பு வீரர் முகம்மது அடிப் டிசம்பரில் இறந்தார். ஒரு நிலப் பத்திரத்தில் தீர்ந்திருக்க வேண்டிய விஷயத்துக்கு ஓர் இளைஞரின் உயிர் போனது. அதற்குப் பின் அடிபின் பெயரைச் சொல்லாமல் கோயில் நிலத்தைப் பற்றி மலாய் மேடைகளில் யாரும் பேசுவதில்லை. 2025 மார்ச்சில் கோலாலம்பூரின் மஸ்ஜித் இந்தியா வட்டாரம். 130 ஆண்டு பழமையானது என்று சொல்லப்படும் தேவி ஸ்ரீ பத்ரகாளியம்மன் கோயில் நின்ற நிலம் ஜேக்கல் நிறுவனத்துடையது, அங்கே பள்ளிவாசல் கட்டத் திட்டமிட்டிருந்தார்கள். ஒரு வாரம் நாடே கொதித்தது. பேசி முடித்தார்கள். கோயில் கிட்டத்தட்ட ஐம்பது மீட்டர் தள்ளிப் போகும், புது இடம் அரசிதழில் கோயில் நிலமாகவே பதிவாகும் என்று முடிவானது. மார்ச் 27இல் பிரதமர் அன்வார் பள்ளிவாசலுக்கு அடிக்கல் நாட்டினார். தோற்றோம் என்று சிலர், வென்றோம் என்று சிலர். ஐம்பது மீட்டர் நகர்வதற்கு ஒரு நூற்றாண்டில் கிடைக்காத காகிதம் கிடைக்கும் என்பதை அந்தச் சத்தத்தில் யாரும் சரியாகக் கவனிக்கவில்லை.

அந்த வாரத்தில் ஜொகூர் பாருவில் நான் போன இடத்திலெல்லாம், சாப்பாட்டுக் கடையில், கல்யாண வீட்டில், கோயில் மண்டபத்தில், ஒரே பேச்சு: “சாமிவேலு மட்டும் இருந்திருந்தா இப்படி நடக்க விட்டிருப்பாரா?” உயிரோடு இருந்தபோது அவரைத் திட்டித் தீர்த்தவர்களும் அதே வாயால் இப்போது இதைக் கேட்டார்கள். பாடாங் ஜாவாவில் இயந்திரம் ஏறியபோது அவர் இருந்தார். பொதுப்பணி அமைச்சராக, கட்சித் தலைவராக, கையில் தொலைபேசியோடு இருந்தார்.